கடலோரக் காவலுக்குத் தகவல் பதிவேடு: ஒரு படிவம் கேட்டு

நண்பர்களே, மண்டபம், தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து மீனவக் கிராமங்களுக்கும் காவலர்களுக்கும் அரைநாள் வகுப்பு நடத்தத் திட்டம். தலைப்பு: மூடிய அமைப்பு, திறந்த அமைப்பு. பாடம் தயார். சிக்குவது, தகவல் சொன்னவருக்குப் பதில் போனதா என்று குறித்துவைக்கும் பதிவேடு.

மூடிய அமைப்பில் உத்தரவு மேலிருந்து இறங்கும், அறிக்கை கீழிருந்து ஏறும். வெளியே என்ன நடக்கிறது என்பது உள்ளே எட்டாது. திறந்த அமைப்பில் உள்ளீடு, செயல், விளைவு, பின்னூட்டம் என்று வட்டம் முழுசாகும். நம் கரையில் அறுவது கடைசிக் கண்ணிதான். கடத்தப்படும் கடல் அட்டை மூட்டை பற்றி 1093க்கு (கடலோரப் பாதுகாப்பு உதவி எண்) ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். கடல் அட்டை வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணை உயிரினம், ஆகவே வழக்கு வனத்துறைக்குப் போகும். சொன்னவருக்கு மறுசேதி கிடைக்காது. அடுத்த முறை அவர் போனையே எடுக்கமாட்டார்.

புகார்தாரருக்கு 90 நாளுக்குள் விசாரணை நிலவரம் சொல்லவேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 193 சொல்கிறது. ஆனால் வெறும் தகவல் தருபவர் புகார்தாரர் கணக்கில் வருவதில்லை. அந்த இடைவெளிக்குத்தான் பதிவேடு.

எங்கள் வரைவில் ஐந்து கட்டம்: டோக்கன் எண், நேரம், இடம், எந்தத் துறைக்கு அனுப்பியது, பதில் சொன்ன தேதி. பெயர்க் கட்டம் வேண்டவே வேண்டாம். பெயர் எழுதிய நோட்டு மேசையில் திறந்து கிடந்தால் மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு துறைகள் ஒரே டோக்கன் எண்ணைப் பயன்படுத்தும் படிவம் யாரிடமாவது இருக்கிறதா? பதில் சொல்லும் பொறுப்பு எழுத்தரிடமா, நிலைய ஆய்வாளரிடமா? நடைமுறையில் எது நிற்கிறது என்று சொல்லுங்கள்.