ஆகஸ்ட்டில் எஃப்-1 விசாவில் அமெரிக்கா போகும் தம்பி: மெக்சிகோவில் 14 நாள் தங்கியே ஆக வேண்டுமா?

பவானிக்கரை | 2021 ஜூன் 29

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு ஒஹாயோவில் எம்.எஸ். மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது. மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் வந்துவிட்டது, வகுப்பு ஆகஸ்ட் 23 தொடக்கம். ஜூலை 7 சென்னையில் விசா நேர்காணல். ஊரில் எங்களுக்கு ஐ-20 வாங்க உதவிய ஏஜென்ட் ஒருவர், கொரோனாவால் இந்தியாவிலிருந்து நேரே அமெரிக்கா போக பைடன் தடை போட்டிருக்கிறார், அதனால் மெக்சிகோவிலோ செர்பியாவிலோ 14 நாள் தங்கிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள், அதற்கு இரண்டரை லட்சம் தனியாகக் கட்டுங்கள் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார்.

அப்பாவுக்கு விசைத்தறி. ஊரடங்கில் தறி ஓடி இரண்டு மாதம் ஆகப் போகிறது, எங்கள் மாவட்டத்தில் இன்னும் பஸ்கூட விடவில்லை. வங்கிக் கடனில் முதல் செமஸ்டர் கட்டணமும் தங்கும் செலவும்தான் வரும், இந்த இரண்டரை லட்சத்துக்கு அம்மாவின் வளையலை வைக்க வேண்டும். வைக்கத்தான் வேண்டும் என்றால் வைத்துவிடுவோம். ஆனால் அது உண்மையிலேயே தேவையா என்று தெரிந்துகொள்ளாமல் வைக்க மனசு வரவில்லை.

இன்னொன்று, தம்பி ஜூன் 2 அன்று கோவிஷீல்டு முதல் ஊசி போட்டான். இரண்டாவது 84 நாள் கழித்து என்றால் ஆகஸ்ட் 25 ஆகிவிடும், அதற்குள் வகுப்பே தொடங்கிவிடும். கல்லூரி இரண்டு ஊசியும் கேட்கிறது. என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

டெக்ஸாஸ் தமிழன் | 2021 ஜூன் 29

அக்கா, முதலில் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். ஏப்ரல் 30 அன்று கையெழுத்தான ஆணை, மே 4 முதல் நடப்பில் இருக்கிறது. கடந்த 14 நாளில் இந்தியாவில் இருந்த வெளிநாட்டவர் உள்ளே வரக்கூடாது என்கிறது. குடியுரிமை, கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. வேலை விசாவில் இருக்கும் பலர் மெக்சிகோவில் அறை எடுத்து 14 நாள் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள், அதுவும் உண்மை.

ஆனால் மாணவர்களுக்கு இதில் தேசிய நலன் விலக்கு என்று ஒன்று இருக்கிறது. ஆகஸ்ட் 1 அல்லது அதற்குப் பிறகு தொடங்கும் படிப்புக்குப் போகிற எஃப்-1 (கல்லூரிப் படிப்பு), எம்-1 (தொழிற்படிப்பு) விசாக்காரர்களுக்கு அது தானாகவே கிடைக்கும். விசா கையில் இருந்தால் தூதரகத்துக்குத் தனியாக எழுதிக் கேட்கக்கூட வேண்டாம். இனிமேல் விசா எடுக்கிறவர்களுக்கு, விசாவுக்குத் தகுதி என்று முடிவானாலே அந்த விலக்கையும் சேர்த்துப் பரிசீலித்துவிடுவார்கள். உங்கள் தம்பி வகுப்பு ஆகஸ்ட் 23. சென்னையில் ஏறி ஒஹாயோவில் இறங்கலாம், நடுவில் மெக்சிகோ எதற்கு?

ஒரே ஒரு கட்டுப்பாடு. ஐ-20யில் அச்சாகியிருக்கும் தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் உள்ளே போக முடியாது. அவருக்கு அது ஜூலை 24. டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று 20ஆம் தேதிக்குப் போட்டுவிடாதீர்கள், அமெரிக்காவில் இறங்கும் நாள்தான் கணக்கு. கையில் எடுத்துப் போகும் பையில் ஐ-20 அசல், கல்லூரியின் சேர்க்கைக் கடிதம், செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர் கட்டிய ரசீது மூன்றும் இருக்கட்டும். பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டு கவுன்டரில் தவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய மாணவன் | 2021 ஜூன் 29

மேலே தம்பி சொன்னது சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். புதிதாகப் போகிறவர்களின் படிப்பு முழுக்க ஆன்லைன் என்றால் உள்ளே விடமாட்டார்கள், போன வருடம் வந்த அந்த விதி இந்த வருடமும் தொடர்கிறது. கொஞ்சமாவது நேரடி வகுப்பு இருக்க வேண்டும். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு இன்றே எழுதி, இலையுதிர்காலப் பருவத்தில் நேரடி வகுப்பு உண்டு என்று ஒரு வரிக் கடிதம் வாங்கிவிடுங்கள். விசா நேர்காணலிலும் கேட்கக்கூடும்.

2020 ஜூலை 6 எனக்கு மறக்காது. அன்றுதான் முழு ஆன்லைன் வகுப்பில் இருக்கும் வெளிநாட்டு மாணவர்கள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. நான் அப்போது கடைசி வருடம். இந்தியாவுக்கு வழக்கமான விமானமே கிடையாது, நம் அரசு விட்ட வந்தே பாரத் மீட்பு விமானத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அறை வாடகை ஒப்பந்தமோ டிசம்பர் வரைக்கும். பாத்திரங்களை எடுத்து அட்டைப் பெட்டியில் கட்டிவிட்டோம். ஹார்வர்டும் எம்ஐடியும் 8ஆம் தேதி வழக்குப் போட்டன, 14ஆம் தேதி அறிவிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். எட்டு நாள். அந்த எட்டு நாளில் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சமைக்கவில்லை. அதனால் விதி இன்றைக்கு இப்படி இருக்கிறது என்பதை மட்டும் நம்புங்கள். கிளம்புகிற நாள் வரைக்கும் வெளியுறவுத் துறையின் இணையப் பக்கத்தையும் கல்லூரி மின்னஞ்சலையும் தினமும் ஒரு தடவை பாருங்கள்.

சேலத்து நர்ஸ் | 2021 ஜூன் 29

பவானிக்கரை கண்ணு, ஊசி விஷயத்துக்கு நான் சொல்கிறேன், நான் தடுப்பூசி முகாமில்தான் வேலை பார்க்கிறேன்.

ஜூன் 7 அன்று மத்திய அரசு தனி வழிமுறை விட்டிருக்கிறது. படிக்க, வேலைக்கு, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு என்று ஆகஸ்ட் 31க்குள் வெளிநாடு போகிறவர்களுக்கு கோவிஷீல்டு இரண்டாவது ஊசியை 84 நாள் காத்திருக்காமல் 28 நாள் முடிந்ததும் போடலாம். தம்பிக்கு ஜூன் 2 என்றால் நாளையோடு 28 நாள். இதற்கு மாவட்டத்தில் ஒரு அதிகாரியை நியமித்திருப்பார்கள், மாவட்ட சுகாதார அலுவலகத்தில் கேட்டால் யார், எங்கே என்று சொல்வார்கள். பாஸ்போர்ட், ஐ-20, சேர்க்கைக் கடிதம், முதல் ஊசி சான்றிதழ் நான்கையும் அசலும் நகலுமாக எடுத்துப் போங்கள். விசா நேர்காணலுக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள், நேர்காணல் முடிந்தால் பாஸ்போர்ட்டை ஸ்டாம்பிங்குக்கு வாங்கி வைத்துக்கொள்வார்கள், அப்புறம் அசல் கையில் இருக்காது.

இப்போது முக்கியமான ஒன்று. நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் ஆதாரைக் கொடுத்து முதல் ஊசி போட்டிருப்பார்கள். ஆதாரில் எஸ். கார்த்திக் என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அந்த எஸ் விரிந்து அப்பா பெயர் முழுசாக வந்திருக்கும். சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர். இது நம்மிடம் மட்டும் இருக்கிற இனிஷியல் பிரச்சினை, வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு விளங்காது. தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் பெயரைத் திருத்தவும் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கவும் வசதி கொடுத்திருக்கிறார்கள். திருத்தம் ஒரு தடவைதான், அதனால் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். நேற்றுகூட ஒரு பெண், மருமகனுக்கு ஒரு எழுத்து விட்டுப்போய்விட்டது என்று அழுதுகொண்டே வந்தார்.

கோவிஷீல்டு உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. கோவேக்சின்தான் இன்னும் வரவில்லை. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

மதுரை ஆய்வாளர் | 2021 ஜூன் 30

மாணவர்களுக்கு நல்ல செய்தி, சந்தோஷம். ஆனால் இதைப் படிக்கும் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) யாராவது தங்களுக்கும் இதேதான் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் பென்சில்வேனியாவில் ஆய்வாளர். அம்மாவுக்கு ஏப்ரல் கடைசியில் தொற்று வந்து ஆக்சிஜன் படுக்கையில் சேர்த்தார்கள், கிடைத்த டிக்கெட்டில் ஓடி வந்தேன். அம்மா பிழைத்துக்கொண்டார். நான் இறங்கி ஒரு வாரத்தில் தடை வந்துவிட்டது. விசா 2022 வரைக்கும் செல்லும், இருந்தும் போக முடியாது. எஃப்-1 போலத் தானாக நடக்காது, தனியாக எழுதி விலக்கு வாங்கினால்தான் உண்டு. பேராசிரியரிடம் கடிதம் வாங்கி, துறையிடம் கடிதம் வாங்கி அனுப்பிவிட்டேன், ஆறு வாரமாகத் தானியங்கிப் பதில் ஒன்றைத் தவிர எதுவும் வரவில்லை.

நான் வரிக்குதிரை மீன் வைத்து இதய வளர்ச்சியைப் பார்க்கிறேன். விரல் நீளம்கூட இருக்காது, உடம்பில் நீலக் கோடு. மூன்று தலைமுறையாக நானே வளர்த்த வகை ஒன்று இருக்கிறது, இன்னொரு ஆய்வகத்தில் கிடைக்காது. ஆய்வக நண்பர் தினமும் தீனி போடுகிறார், வயதான மீன்கள் செத்துக்கொண்டிருக்கின்றன, முட்டை எடுத்து அடுத்த தலைமுறையை உண்டாக்க அவருக்கு நேரமில்லை. இரவு ஏழரைக்கு இங்கே மாடியில் உட்கார்ந்து அங்கே காலைக் கூட்டத்தில் கலந்துகொள்கிறேன், என் பங்குக்குக் காட்ட எதுவும் இல்லை. மாணவரைப் போலவே ஆய்வாளரும் அங்கே போய் வேலை செய்யத்தானே விசா வாங்கியிருக்கிறார், இந்த வித்தியாசம் எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

எஃப்-1 நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: நல்லது கெட்டதுக்கு ஊருக்கு வருவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன்னால் கல்லூரி அலுவலகத்தில் ஐ-20யில், திரும்பி அமெரிக்காவுக்குள் போகத் தேவையான பயணக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

பவானிக்கரை | 2021 ஜூலை 8

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. நர்ஸ் அம்மா, ஜூலை 1 அன்று தம்பிக்கு இரண்டாவது ஊசி போட்டுவிட்டார்கள், நீங்கள் சொன்ன நான்கு தாள்களையும்தான் கேட்டார்கள். பெயரும் நீங்கள் சொன்னதுபோலவே இனிஷியலோடு இருந்தது, திருத்தியாகிவிட்டது. 5ஆம் தேதி பஸ் விட்டதால் சென்னைக்குச் சிரமமில்லாமல் போனான். நேற்று விசா கிடைத்துவிட்டது. நேரடி வகுப்புக் கடிதத்தையும் கொண்டுபோயிருந்தான், கேட்கவில்லை, ஆனால் கையில் இருந்ததே தைரியமாக இருந்தது என்றான்.

ஏஜென்டிடம் மெக்சிகோ வேண்டாம் என்று சொன்னேன். கோபப்பட்டார், அப்புறம் பையன் விமான நிலையத்தில் நின்றால் என்னைக் கேட்காதீர்கள் என்றார். அம்மாவின் வளையல் கையில்தான் இருக்கிறது.

மதுரை அண்ணா, உங்கள் பதிலை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உங்கள் அம்மா நலமாக இருப்பதில் அவருக்கு நிம்மதி.

அடுத்து டிக்கெட்டும் கொரோனா பரிசோதனையும். எத்தனை மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

டெக்ஸாஸ் தமிழன் | 2021 ஜூலை 16

நான் ஆகஸ்ட் முதல் வாரமே தொடங்கும் வகுப்புக்காக நான்கு நாள் முன்னால்தான் திரும்பி வந்தேன், சுடச்சுடச் சொல்கிறேன்.

அமெரிக்க விதியில் மணிக்கணக்கு இல்லை, நாள் கணக்கு. விமானத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் மாதிரி எடுத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை எந்த நேரத்தில் கிளம்பினாலும் செவ்வாய்க்கிழமையிலிருந்து எடுத்த மாதிரி செல்லும். 72 மணி நேரம் என்று சொல்வது சில விமான நிறுவனங்களும் இடையில் இறங்கும் நாடுகளும், அதையும் பார்த்து எது குறைவோ அதற்குள் எடுத்துவிடுங்கள்.

டிக்கெட்டை ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்) போடுங்கள். ஒரே பதிவாக இருந்து, ஒவ்வொரு இடைநிற்றலும் 24 மணி நேரத்துக்குள் இருந்தால் சென்னையில் கிளம்பும் முதல் விமானத்தை வைத்துத்தான் மூன்று நாள் எண்ணுவார்கள். சென்னை டு தோஹா ஒரு டிக்கெட், தோஹாவிலிருந்து வேறு டிக்கெட் என்று தனித்தனியாகப் போட்டால் இரண்டாவது விமானத்திலிருந்து எண்ண வேண்டிவரும். துபாய் வழி வேண்டாம், இப்போது இந்தியாவிலிருந்து வருகிறவர்களை அங்கே இடைநிற்கவே விடுவதில்லை. நான் தோஹா வழியாக வந்தேன்.

பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கியதும் ஐந்து விஷயம் இருக்கிறதா பாருங்கள்: என்ன வகைப் பரிசோதனை, எந்த ஆய்வகம், மாதிரி எடுத்த தேதி, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எண்ணும், முடிவு. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற பையனின் அறிக்கையில் அறிக்கை கொடுத்த தேதி மட்டும் இருந்தது, மாதிரி எடுத்த தேதி இல்லை. கவுன்டரில் ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள். அவன் அப்பா கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு ஆய்வகத்துக்கு விடாமல் போன் அடித்துக்கொண்டே இருந்தார், இரவு பதினொன்றரைக்கு யார் எடுப்பார்கள்? கடைசியில் அங்கே வேலை பார்க்கும் ஒருவர் வீட்டிலிருந்து திருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கவுன்டர் மூட பத்து நிமிஷம் இருந்தது. அவன் உள்ளே வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன், பாட்டிலைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது.

இறங்கிய இடத்தில் ஐ-20 பார்த்தார்கள், என்ன படிப்பு என்று கேட்டார்கள், முத்திரை. இந்தியா, தடை, 14 நாள் என்று ஒரு வார்த்தை இல்லை.

பவானிக்கரை | 2021 ஆகஸ்ட் 12

தம்பி நேற்று போய்ச் சேர்ந்துவிட்டான். தோஹா வழி, ஒரே பிஎன்ஆர். அறிக்கையை நான் மூன்று தடவை சரிபார்த்தேன். கோவினில் எடுத்த சான்றிதழைக் கல்லூரி ஏற்றுக்கொண்டது. விமான நிலையத்துக்குள் எங்களை விடவில்லை, வாசலிலேயே முகக்கவசத்தோடு கட்டிக்கொண்டு அனுப்பினோம். அப்பா அன்றிரவு தறியை ஓட்டினார், இந்த மாதம்தான் மறுபடி ஆர்டர் வர ஆரம்பித்திருக்கிறது.

மதுரை அண்ணா, உங்களுக்கு ஏதாவது பதில் வந்ததா?

மதுரை ஆய்வாளர் | 2021 நவம்பர் 14

தங்கச்சி, இவ்வளவு நாள் பதில் போடாததற்கு மன்னிக்கணும். சொல்ல எதுவும் இல்லாததால் எழுதவில்லை.

இப்போது பென்சில்வேனியாவிலிருந்து எழுதுகிறேன். நவம்பர் 8 அன்று நாடு வாரியான தடையை எடுத்துவிட்டு, இரண்டு ஊசி போட்டிருந்தால் யாரும் வரலாம் என்று மாற்றிவிட்டார்கள். நான் மதுரையில் போட்டது கோவேக்சின். அது உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் வந்தது நவம்பர் 3, அதாவது ஐந்தே நாள் முன்னால். அக்டோபர் முழுக்க நான் அந்தப் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், தடை நீங்கியும் ஊசியால் நிற்க வேண்டிவருமோ என்று. பட்டியலில் வந்த அன்று இரவே டிக்கெட் போட்டேன். அம்மா பருப்புப்பொடி அரைத்துக் கொடுத்தார்.

தொட்டியில் என் வகை மீன் பதினொன்றுதான் மிச்சம். நான்கு பெண். நேற்று மாலை இரண்டு ஜோடியைப் பிரித்து வைத்தேன், இன்று காலை ஒரு ஜோடி முட்டை இட்டிருக்கிறது.