எம்.டி.யா, டி.ஓ.வா: மகளின் முடிவுக்கு உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் முடிக்கவிருக்கும் என் மகளுக்கு, எங்கள் மாநிலத்திலேயே டி.ஓ. பட்டம் தரும் ஓர் ஆஸ்டியோபதி (வழக்கமான மருத்துவத்தோடு, தசை எலும்புகளைக் கையால் சீர்செய்யும் முறையையும் கற்பிக்கும் பிரிவு) மருத்துவக் கல்லூரியில் இடம் உறுதியாகியுள்ளது. அவள் முதலில் விரும்பிய, இங்கே வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி. தரும் கல்லூரியோ அவளைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறது. முன்பணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது.

1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய கல்வி மரபு இது என்பதையும், டி.ஓ. பட்டம் பெற்றவர்கள் 50 மாநிலங்களிலும் முழு மருத்துவராகவே மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம் என்பதையும் அறிவேன். ஊரிலுள்ள என் அண்ணன் இதை எலும்பு வைத்தியம் என்று எண்ணிக் கவலைப்படுகிறார். அவருக்கு நானே விளக்கிவிடுவேன்.

என் கவலை வேறு. மகளுக்குத் தோல் மருத்துவத்தில் ஆர்வம் அதிகம். 2020இல் இரு பிரிவினரின் உறைவிடப் பயிற்சிக்கும் (பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் சிறப்புத் துறைப் பயிற்சி) ஒரே அங்கீகார அமைப்பு வந்துவிட்ட போதிலும், போட்டி மிகுந்த இத்தகைய துறைகளில் எம்.டி. மாணவர்களுக்கே முன்னுரிமை தரப்படுவதாகப் பலரும் சொல்கிறார்கள். டி.ஓ. மாணவர்கள் தங்களுக்கான மருத்துவ உரிமத் தேர்வுகளான காம்லெக்ஸோடு, எம்.டி. மாணவர்களுக்கான உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யையும் எழுதுவது உண்டு. 2022 முதல் யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் கட்டத்தில் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சியா தோல்வியா என்பது மட்டுமே என்பதால், இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் தயாரானால் போதுமா?

டி.ஓ. படித்துத் தோல் மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தவர்களோ, கையிலிருந்த இடத்தை விட்டுவிட்டு ஓராண்டு காத்திருந்து மீண்டும் விண்ணப்பித்தவர்களோ இருந்தால், உங்கள் அனுபவத்தை அன்புகூர்ந்து எழுதுங்கள்.