அம்மாவுக்கு எந்தப் பூ கொடுத்தீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

செந்தூல்காரி:

மே மாதம் இரண்டாம் ஞாயிறு, அன்னையர் தினம் நெருங்கிவிட்டால் கோலாலம்பூரில் திரும்பிய பக்கமெல்லாம் பூங்கொத்துதான். சிவப்பு ரோஜா என்றால் அன்பு, இளஞ்சிவப்பு என்றால் நன்றி என்று கடையிலேயே அட்டை எழுதி வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அம்மா எந்தப் பூவோடு வளர்ந்தார், எதைத் தலையில் வைத்தார் என்பதில்தான் அந்தப் பூவுக்கு அர்த்தம் இருக்கிறது. அதனால் போன வருடம் அம்மாவிடம் மூச்சுவிடாமல் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். சின்ன வயதில் அம்மா என்ன பூ வைப்பார் என்று கேட்டேன்.

பெரியம்மா யோசிக்கவே இல்லை. “கனகாம்பரம்தான்மா. மல்லி வாங்க ஏது காசு? லயத்து வாசல்லயே பூத்துக் கெடக்கும். பால் வெட்டிட்டு வந்து குளிச்சிட்டு உங்கம்மா உக்காந்து தொடுப்பா. வாசனை இருக்காது, ஆனா மறுநாளும் வாடாது.”

கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகள். இப்போது லயமும் இல்லை, பால்மரமும் இல்லை, எல்லாம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் நான் போன அன்று கனகாம்பரம் கிடைக்கவில்லை. சரி, செடியாகவே வாங்குவோம் என்று சுங்கை பூலோ போனேன். அங்கே வரிசையாகச் செடிப் பண்ணைகள் இருப்பது பலருக்குத் தெரியும். 1930இல் தொழுநோயாளிகளுக்காக அமைத்த குடியிருப்பு அது. நோய் குணமான பிறகும் வெளியே போக இடமில்லாதவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்த்து விற்றார்கள். அப்படி உருவான பண்ணைகள்தான் இவை. அம்மாவுக்குக் கொடுக்கும் செடி அந்த மண்ணிலிருந்து வந்தது எனக்கு நிறைவாக இருந்தது.

தொட்டியைக் கையில் கொடுத்ததும் அம்மா பூவைப் பார்க்கவில்லை. கதிரைப் புரட்டி, பூ உதிர்ந்த இடத்தில் காய்ந்த காய் இருக்கிறதா என்று தேடினார். ஒன்றைக் கிள்ளித் தண்ணீர் டம்ளரில் போட்டுவிட்டு, “பேசாம பாரு” என்றார். சற்று நேரத்தில் ‘டப்’பென்று வெடித்து விதை டம்ளர் சுவரில் அடித்தது. ஈரம் பட்டால் அந்தக் காய் வெடிக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சின்னப் பிள்ளையில் அம்மாவும் பெரியம்மாவும் அதில் எச்சில் தொட்டு, மாமாவின் உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடிக்கொள்ளச் சொல்வார்களாம். மாமா அலறுவாராம். தோட்டம் என்று பேச்சு வந்தாலே அம்மாவுக்குக் கஷ்ட காலம்தான் வாயில் வரும். அன்று சாப்பாட்டு நேரம் வரை விளையாட்டுக் கதைதான்.

ஜார்ஜ்டவுன்வாசி:

அக்கா, படித்ததும் எழுதத் தோன்றியது. என் நிலைமை வேறு. அப்பா தவறிய பிறகு அம்மா பூ வைப்பதை நிறுத்திவிட்டார். வைக்கச் சொல்லி நான் வற்புறுத்தினால் அழுவார். ஆனால் பூ என்றால் அவருக்கு உயிர். அன்னையர் தினத்துக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல் லெபோ பாசாரில் ஒரு பூக்கடையில் நின்றிருந்தேன். கடைக்கார அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். “சரமா வாங்காதே தம்பி. உதிரி மொட்டா கொண்டு போ. சாமிக்குன்னு சொல்லு, அவங்களே தொடுக்கட்டும்” என்றார். வாழை இலையில் மடித்து, கூடவே நூலும் வைத்துக் கொடுத்தார்.

மாலையில் அம்மா கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து தொடுத்தார். இரண்டு மொட்டு இப்படி, இரண்டு அப்படி, நூலை ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் டிவியில் இருக்கிறது, விரல் தானாகப் போகிறது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு மொட்டு விரியத் தொடங்கி வீடே மணந்தது. முருகனுக்குப் பாதி, அப்பா படத்துக்குப் பாதி. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் உதிரிப்பூ வாங்கி வருகிறேன். தைப்பூசம், தீபாவளிக்கு முன் விலை ஏறும், ஏறட்டும். தலையில் வைப்பதும் வைக்காததும் அவர் இஷ்டம். நாம் அதில் தலையிட வேண்டாம் என்பது என் கருத்து. பூவை அவர் கைக்குக் கொண்டு சேர்ப்பது மட்டும் நம் வேலை.

செராஸ் மருமகள்:

என் மாமியார் சீனர். எங்கள் வீட்டில் சாமந்தி மங்கலமான பூ. அவர்கள் பக்கம் வெள்ளை, மஞ்சள் சாமந்தி சாவு வீட்டுக்குப் போவது. கலப்புக் குடும்பத்தில் இருப்பவர்கள் இதை மட்டும் கவனியுங்கள். நான் கார்னேஷன் வாங்குவேன். கேமரன் மலையில் விளைவது, குவளையில் நிறைய நாள் நிற்கும். 1908இல் அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்துக் கிராப்டன் ஊரில் ஆனா ஜார்விஸ் இந்தத் தினத்தைத் தொடங்கியபோது கொடுத்ததும் வெள்ளைக் கார்னேஷன்தான், அவருடைய அம்மாவுக்குப் பிடித்த பூ என்பதால். பிற்பாடு பூ வியாபாரிகள் விலையை ஏற்றியதும் அவரே இந்தத் தினத்தை எதிர்த்துப் போராடினார். வெள்ளை, மறைந்த தாயின் நினைவுக்கு என்ற வழக்கமும் உண்டு. ஆகவே நான் இளஞ்சிவப்பு.

சீனர் மரபில் தாய்க்கென்றே ஒரு பூ இருக்கிறது என்று மாமியார் சொல்லித்தான் தெரியும். சமையலில் போடும் நீளமான உலர்ந்த மஞ்சள் மொட்டு இருக்கிறதே, ‘கிம் சியாம்’, அந்த இனச் செடியின் பூதானாம். இத்தனை நாளும் சூப்பில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்!

பாயான் லெப்பாஸ்:

செந்தூல் அக்கா, எங்களுக்கு அடுக்குமாடி வீடு. பால்கனியில் காலை வெயில் மட்டும்தான். அம்மாவுக்கு மல்லிச் செடியா, கனகாம்பரமா?

செந்தூல்காரி:

கனகாம்பரம் வாங்குங்கள் தம்பி, அரை நிழலிலும் பூக்கும். மல்லிக்கு நல்ல வெயில் வேண்டும், இல்லாவிட்டால் இலைதான் வரும். வெயில் கிடைக்கிற வீடு என்றால் மல்லி பூத்து முடிந்ததும் கிளையை வெட்டிவிட வேண்டும், புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். கனகாம்பரத்துக்கு மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. வாங்கும்போது காய்ந்த காய் இரண்டு மூன்று உள்ள செடியாகப் பார்த்து எடுங்கள்.