புதுப்பிப்பு: அம்மாவோடு கூந்தன்குளம் போய் வந்தாச்சு

மூட்டுவலிக்கார அம்மாவோடு நடக்க, மேடு பள்ளம் இல்லாத இடம் நெல்லைப் பக்கம் உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் பறவைகள் சரணாலயம் இருக்கும் கூந்தன்குளம் என்றீர்கள். ஜனவரி கடைசி ஞாயிறு விடியலில் கிளம்பிவிட்டோம்.

குளத்தங்கரை சமதரைதான். எதிரே நீரில் வரித்தலை வாத்துகள். இமயமலையைத் தாண்டி வந்த அலுப்பு கொஞ்சம்கூடத் தெரியவில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது ஊருக்குள் போகும் தெருக்கள். வீட்டு வாசல் வேப்பமரத்திலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு. தரையெல்லாம் சுண்ணாம்பு தெளித்தமாதிரி எச்சம். ஒரு சொட்டு என் தோளிலும். "நல்லதுதான் மக்கா, தொடச்சிட்டுப் போ" என்றார் திண்ணையில் இருந்த ஆச்சி. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட இங்கே வெடி போடுவதில்லை.

1994-இல் சரணாலயமானது, 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்ததாக அறிவித்தார்கள். அதெல்லாம் சரி, கரையில் நிழல் கிடையாது. குடை எடுக்கச் சொன்னவரை அன்று கிண்டல் செய்தேன், மன்னிக்கவும். ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

அடுத்த மாதம் மறுபடியும் போகலாம் என்கிறார்.