குழு: எங்கள் வீட்டுச் சனம்

மாமி: கறுவா எண்ணெய் பூசிய தாளில் சுற்றினால் சாப்பாடு பழுதாகாதாம். ஒருவர் அனுப்பியிருக்கிறார். மதியப் பார்சலுக்கு வாங்கலாமா?

பெரியப்பா: தங்கச்சி, 2017இல் தடை வந்தும் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டில்தானே சோற்றைச் சுற்றுகிறாய்?

மாமி: மக்கும் என்று போட்டிருப்பதைத்தான் வாங்குகிறேன் அண்ணா 😒

கௌதம்: மாமி, கறுவாப் பட்டை எண்ணெயில் உள்ள சினமல்டிஹைட் பூஞ்சணத்தையும் பல பக்டீரியாக்களையும் அடக்கும், உண்மைதான். ஆனால் பூச்சு படும் இடத்தில்தான் வேலை செய்யும். சோற்றுக்கு நடுவில் இருப்பதை ஒன்றும் செய்யாது. பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வெந்த பிறகும் சாகாது. சூட்டோடு இறுக்கிக் கட்டி மணிக்கணக்கில் வைத்தால் அது பெருகி நஞ்சு விடும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

மாமி: அப்போ எதற்குத்தான் அந்தத் தாள்?

கௌதம்: பாண், சீஸ், பழம். அதிலெல்லாம் பூஞ்சணம் மேலேதானே பிடிக்கும். அம்புல் வாழைச் சீப்பின் காம்பு அழுகாமல் இருக்கக் கறுவா எண்ணெயை இலங்கையிலேயே சோதித்திருக்கிறார்கள்.

அக்கா: பாணில் கறுவா மணமா? சம்பலோடு எப்படித் தின்பது 😂

கௌதம்: அதுதான் பெரிய தலையிடி அக்கா. கிருமிக்குப் போதுமான அளவு போட்டால் நாக்குக்கும் தெரியும். குறைத்தால் ஆவியாகிப் போய்விடும். அதனால் கைட்டோசான் என்ற பொருளோடு கலந்து பூசிப் பார்க்கிறார்கள், எண்ணெய் மெதுவாக வெளிவரும். கைட்டோசானே கிருமியைத் தாக்கும். அதற்கு நேர்மின்னேற்றம், பக்டீரியாவின் மேற்பரப்புக்கு எதிர்மின்னேற்றம். ஒட்டிக்கொண்டு சவ்வைக் குலைத்துவிடும். இறால், நண்டுக் கோதிலிருந்து எடுப்பது.

பெரியப்பா: இறால் கோதா! வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டையும் அதிலா சுற்றுவார்கள்?

கௌதம்: பூஞ்சையிலிருந்தும் எடுக்கிறார்கள், பெரியப்பா 🙂

அக்கா: சின்னவனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாதே.

கௌதம்: தயாரிக்கும்போது புரதத்தை நீக்குவார்கள். ஆனாலும் எதிலிருந்து எடுத்தது என்று உறையில் இல்லாவிட்டால் அவனுக்குக் கொடுக்க வேண்டாம்.

மாமி: சரி மருமகன், நான் என்ன செய்ய?

கௌதம்: வாழையிலையை வாட்டிச் சுற்றுங்கள், போதும். காலை 9 மணிக்கே கட்டி வைக்காமல் 12 மணிக்குக் கட்டுங்கள். அதுவரை சோறு நல்ல சூட்டிலேயே இருக்கட்டும்.

மாமி: இத்தனை பார்சலையும் 12 மணிக்கு நான் ஒருத்தியா கட்டுவது?

அக்கா: பெரியப்பா வீட்டில் சும்மாதானே இருக்கிறார் 🤭

பெரியப்பா: 11.30க்கு வருகிறேன். எனக்கு ஒரு பார்சல், மீன் வேண்டாம்.