மாங்கனீஸ் பிஸ்மத் டெல்லூரைடில் 43 கெல்வின் பிரிவு: மேற்பரப்புக் காந்தமா, மாசா?

படிகப்பிரியன், கோலாலம்பூர்
மாங்கனீஸ், பிஸ்மத், டெல்லூரியம் 1:2:4 படிகம், 10 மில்லிகிராம், ஜெலட்டின் கேப்ஸ்யூல், ஸ்குவிட் காந்தமானி (மிகச் சிறிய காந்தமாக்கலையும் அளக்கும் கருவி). புலம் 100 ஆர்ஸ்டெட், அடுக்குகளுக்குச் செங்குத்து. 25 கெல்வினில் எதிர்-பெர்ரோ காந்த (அடுத்தடுத்த அடுக்குகளின் காந்தம் எதிரெதிராக அமையும்) மாற்றத்தின் கூர்முகடு சரியாக விழுகிறது. ஆனால் 43 கெல்வினுக்குக் கீழே, புலமின்றிக் குளிர்வித்த கோடும் புலத்தோடு குளிர்வித்த கோடும் பிரிகின்றன. இடத்தியல் மேற்பரப்பு நிலை (படிகத்தின் மேற்பரப்பில் மட்டும் மின்சாரம் கடத்தும் எலக்ட்ரான் நிலை) இப்படித் தெரியுமா?

குளிர்கலன், பினாங்கு
தெரியாது. இந்தப் படிகத்தின் அடிப்படை அலகான ஏழணு அடுக்கு (ஏழு அணுத்தளங்கள் சேர்ந்தது) ஒன்றின் தடிமன் சுமார் 1.36 நானோமீட்டர். 0.1 மில்லிமீட்டர் படிகத்தில் 70,000 அடுக்குக்கு மேல் இருக்கும். அதில் மேற்பரப்பு என்பது மேலே ஒன்று, கீழே ஒன்று. ஸ்குவிட் முழுக் கட்டியையும் கூட்டித்தான் சொல்லும். மேற்பரப்பைப் பார்க்க, உரித்த மெல்லிய செதிலில் ஹால் அளவீடுதான் (மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை அளப்பது) வழி. 2020இல் 1.4 கெல்வினில் புலமில்லாமலே, இடத்தியல் நிலையின் அடையாளமான குவாண்ட ஹால் மின்தடை கிடைத்ததும் ஐந்தடுக்குச் செதிலில்தான்.

எனக்கு முதல் சந்தேகம் உறைந்த ஆக்சிஜன். அதன் நிலைமாற்றம் 43.8 கெல்வின். மூடிய கேப்ஸ்யூலில் காற்று சிக்கிக்கொள்ளும். ஊசியால் ஒரு துளை போட்டு, அறை வெப்பநிலையில் ஹீலியம் விட்டு உறிஞ்சுவதை மூன்று முறையாவது செய்யுங்கள்.

மில்லிடெஸ்லா
துளை போடுவது நல்லதுதான். ஆனால் கோடு பிரிகிறதென்றால் ஹவுஸ்மனைட்டை விட்டுவிட முடியாது. மூன்று மாங்கனீஸுக்கு நான்கு ஆக்சிஜன் உள்ள அந்த ஆக்சைடு, பெர்ரி காந்தமாவதும் (எதிரெதிர் காந்தங்கள் முழுதும் ரத்தாகாமல் மிச்சம் நிற்பது) 43 கெல்வின் சுற்றித்தான். தொல்லையே இந்த ஒற்றுமைதான்.

பிரித்தறிய 100, 1000, 10,000 ஆர்ஸ்டெட்டில் அளந்து, காந்தமாக்கலைப் புலத்தால் வகுத்து ஒரே படத்தில் போடுங்கள். 43 கெல்வின் அருகே தெரியும் மேடு மாறாமல் நின்றால் ஆக்சிஜன். புலம் ஏற ஏறச் சுருங்கினால் ஆக்சைடு. அது சீக்கிரம் நிறைவை எட்டிவிடும். இரண்டு கோட்டையும் சூடேற்றும்போதே எடுங்கள், இல்லாவிட்டால் ஆக்சிஜனே பொய்யாகப் பிரிவு காட்டும்.

குளிர்கலன், பினாங்கு
ஒப்புக்கொள்கிறேன். 300 கெல்வினிலும் காந்தத் தயக்க வளையம் (புலம் ஏறும்போதும் இறங்கும்போதும் கோடு வேறாவது) வந்தால் ஸ்டீல் இடுக்கியைக் குற்றம் சொல்லுங்கள்; பிளாஸ்டிக் இடுக்கிக்கு மாறுங்கள்.

உருகுபாகம்
ஆக்சைடு என்று தெரிந்தால் வேர் படிக வளர்ப்பில் இருக்கிறது. நம்மூர் ஈரத்தில் மாங்கனீஸ் துண்டு திறந்து கிடந்தாலே கறுத்துவிடும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் பளிச்சென்று வரும்வரை கழுவி, ஆல்கஹாலில் அலசி, உலர்த்தி, உடனே ஆர்கான் பெட்டிக்குள் கொண்டுபோங்கள். குவார்ட்ஸை மாங்கனீஸ் அரிக்கும். உள்ளே அலுமினா மூசை வேண்டும்.

மாங்கனீஸ், பிஸ்மத், டெல்லூரியம் 1:10:16. 900 டிகிரி செல்சியஸில் உருக்கி, 600க்கும் 590க்கும் இடையே இரண்டு வாரம் மெதுவாக இறக்கி, அந்தச் சூட்டிலேயே சுழற்றி, மீதி உருகலிலிருந்து படிகத்தைப் பிரித்தெடுங்கள். 585க்குக் கீழே போனால் பிஸ்மத் டெல்லூரைடு படிகத்தின்மேலேயே உறைந்துவிடும். அது டயாகாந்தம் (புலத்தை மெல்ல எதிர்ப்பது), எடையை மட்டும் கூட்டும். 10 மில்லிகிராமுக்கு 300 கெல்வின், 1000 ஆர்ஸ்டெட்டில் ஏறக்குறைய 0.00015 இஎம்யு (காந்தத் திருப்புத்திறனின் அலகு) வரவேண்டும். தெளிவாகக் குறைந்தால், டேப்பால் இரு பக்கமும் உரித்துவிட்டு மறுபடி எடை போடுங்கள்.