மறு: சவரக்கத்தியின் 'ஸ்கேல்ஸ்' - தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

மடக்குச் சவரக்கத்தியை மூடும்போது அலகை இரு பக்கமும் பொதிந்துகொள்ளும் இரண்டு துண்டுகளைத்தான் ஆங்கிலத்தில் 'ஸ்கேல்ஸ்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி நீங்கள் எழுதிய யோசனைகளுக்கு என் பதில் இது.

> ஸ்கேல் என்றால் செதில்தானே, 'கத்திச் செதில்' என்றே வைத்துவிடலாம்.

வேண்டாம் ஐயா. 'இடது செதில் விரிசல் விட்டிருக்கிறது' என்று எழுதினால் படிப்பவர் மீன் கடைக்குப் போய்விடுவார்.

> சுற்றி வளைப்பானேன், 'கைப்பிடி' போதாதா?

இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் ஸோலிங்கன் பக்கம் செய்த பழைய மடக்குக் கத்தியைத் திறந்து சவரம் செய்பவர் கையைக் கவனியுங்கள்: மூன்று விரல் அலகுக்குப் பின்னால் நீளும் எஃகுக் காம்பின் மேல் இருக்கும், சுண்டுவிரல் அதன் வாலில், கட்டைவிரல் அடியில். அந்த இரண்டு பக்கத் துண்டுகளும் சும்மா மேலே மடங்கி நிற்கும், பிடி என்று பார்த்தால் காம்புதான் பிடி. கத்தியை மூடும்போதுதான் அவற்றுக்கு உண்மையான வேலை, கூர்முனையை உள்ளே வாங்கிக் காப்பது. அரிவாள்மனையில் பிடி போனால் வேலை நின்றுவிடும், இங்கே அப்படியில்லை. ஆனால் உடைந்த துண்டோடு மூடினால் அலகு ஒரு பக்கம் சாய்ந்து உள்சுவரில் உரசி, தீட்டிய கூர் போய்விடும்.

அதனால் என் பரிந்துரை 'உறைமடல்', சுருக்கமாக 'மடல்'. தாழையில் மடல்கள் பூவைப் பொதிந்து வைத்திருப்பதுபோல இரண்டும் அலகைப் பொதிகின்றன. (இந்தக் குழுமத்தில் மடல் உடைந்தது என்றால் யார் கடிதம் என்று கேட்பீர்கள், தெரியும். பரவாயில்லை.) 'பட்டை' என்ற யோசனையும் நல்லதுதான், ஆனால் கத்தி தீட்டும் தோல் பட்டையோடு குழம்பும்.

சொல் தாங்குமா என்று பார்க்க, நான் எழுதிவரும் பழுதுபார்ப்புக் குறிப்பிலிருந்து ஒரு பகுதியைப் போட்டுப் பார்க்கிறேன்:

"மடல் பெரும்பாலும் தறையாணி (ரிவெட்) போகும் துளையில்தான் பிளக்கும். ஆணியை இறுக்கி அடித்திருந்தாலோ, காம்பின் துரு ஆணியைச் சுற்றி உப்பியிருந்தாலோ துளையிலிருந்து நீளவாக்கில் விரிசல் ஓடும். அதை எப்பாக்ஸி பசை வைத்து ஒட்டினால் நிற்காது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பாரம் அங்கேயேதான் விழுகிறது. நடுவில் உடைந்திருந்தால் ஒட்டிப் பார்க்கலாம். இல்லையென்றால் ஆணித் தலையை மெல்ல அரத்தால் தேய்த்து ஆணியைத் தள்ளி எடுத்து, பழைய மடலையே அளவாக வைத்து இரண்டையும் ஜோடியாகப் புதிதாக வெட்டுவது நல்லது. ஒன்றை மட்டும் மாற்றினால் தடிமனும் வளைவும் ஒத்துவராது. புது ஆணிக்கு 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி, இரு பக்கமும் சிறு வாஷர், பிறகு சின்ன உருண்டைத்தலைச் சுத்தியலால் பொறுமையாகத் தறைய வேண்டும்."

பட்டறையில் 'ரிவெட் அடிக்கிறது' என்றுதான் சொல்கிறோம், ஆனாலும் தறைதல் என்ற வினை கையில் இருக்கும்போது அதை விடுவானேன்? 'அச்சாணி' சரிவராது, அது தேவைப்பட்டால் கழற்றி மாட்டுவது.

மடலின் பொருளையும் சேர்த்துச் சொல்லும்போது சொல் எளிதாக ஒட்டிக்கொள்கிறது: கொம்பு மடல், தந்த மடல், செல்லுலாய்டு மடல். கொம்பு என்றால் வெந்நீரில் இளக்கி வளைவை நிமிர்த்தலாம், பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செல்லுலாய்டுதான் வம்பு. 1870இல் ஜான் வெஸ்லி ஹயாத் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அந்தப் பொருள், நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் கலந்தது. வயதாகிச் சிதையும்போது அமில ஆவி விடும், மடலுக்குள் இருக்கிற அலகு முழுக்கத் துருவேறும், பக்கத்தில் வைத்த கத்தியும் தப்பாது. அப்படிப்பட்ட மடலை ஒட்டிப் பார்க்கவே வேண்டாம், கழற்றித் தனியாக வையுங்கள். தீப்பிடிக்கும் பொருள் என்பதால் சூடுகாட்டவும் கூடாது.

அலகு சுழலும் ஆணிக்கு எதிர்முனையில் இரு மடலுக்கும் நடுவே செருகும் துண்டுக்கு 'ஆப்பு' என்று போட்டிருக்கிறேன். பழைய கத்திகள் பலவற்றில் அது ஈயம், எடையைச் சமன் செய்ய வைப்பார்கள், தேய்க்கும்போது தூள் பறக்காமல் ஈரமாகத் தேய்க்க வேண்டும். 'ஈய ஆப்பு' என்றால் சிரிப்பு வருகிறது என்று ஏற்கெனவே ஒருவர் தனிமடலில் எழுதிவிட்டார். எனக்கு வேறு சொல் தோன்றவில்லை, யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். காம்பு, வால், தறையாணி மூன்றுக்கும் மறுப்பு வராவிட்டால் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.